குக்கரின் முதல் விருந்து

புனே அருகே நிக்டியில் எங்கள் தெருமுனைக் கோழிக்கடையில் கழுத்தும் முதுகெலும்பும் பாதங்களும் கேட்டால் தனியாகக் கிடைக்கும். நான் விடாமல் கேட்டு வாங்குவது பாதங்களைத்தான். கறி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தோல், எலும்பு, நரம்பு. ஆனால் கொலாஜன் அங்கேதான் நிறைய இருக்கிறது. வெந்நீரில் அது மெல்ல ஜெலட்டினாக இளகிச் சாற்றில் இறங்கிவிடும். வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் சாறு உறைந்து, தட்டினால் அதிரும். அதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மட்டன் தாலியோடு மசாலா இல்லாத கறித்தண்ணீரை 'அளணி' என்று கிண்ணத்தில் தருவார்கள். கோலாப்பூரின் வெள்ளை ரசாவுக்கும் அடிப்படை எலும்புச் சாறுதான். நம் நெஞ்செலும்பு சூப்புக்கு மிக நெருங்கிய சொந்தம்.

எலும்பை நான் குக்கரில்தான் போடுகிறேன். அது குறுக்கு வழி என்பார்கள். எனக்கோ அதுதான் முறையான வழி என்று படுகிறது. ஏனென்றால் குக்கர் பிறந்ததே எலும்புக்காக. டெனி பாப்பென் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இறுக மூடிய ஒரு பாத்திரத்தைக் காட்டினார். 1681-இல் அதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே, எலும்பை மென்மையாக்கும் எந்திரம் என்று போட்டார். பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் வைத்த வால்வுதான் இன்று நாம் மூடிமேல் போடும் வெயிட்டுக்கு மூதாதை.

1682 ஏப்ரல் 12 அன்று சொசைட்டி உறுப்பினர்கள் சிலர் அந்தப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடக் கூடினார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் அதை ஆசையாக எழுதிவைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டனவாம். மீன் முள்ளைக்கூடத் தொண்டையில் சிக்காமல் தின்றார்களாம். எரிந்த கரி எட்டு அவுன்சுக்கும் குறைவு, அதாவது கால் கிலோகூட இல்லை. விருந்துக்குப் போன இடத்தில் கரிக்கணக்கையும் கேட்டுக் குறித்துக்கொண்ட மனிதர்! கடைசியில் மாட்டெலும்பு ஜெல்லி வந்தது. அத்தனை தெளிவாக, அத்தனை ருசியாக அதுவரை எதையும் கண்டதில்லை என்கிறார். அதில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எடுத்து வீட்டிலிருந்த மனைவிக்கு அனுப்பிவைத்தார். மான்கொம்பைக் காய்ச்சி அக்காலத்துப் பெண்கள் செய்த ஜெல்லியெல்லாம் இதனிடம் தோற்றுப்போகும் என்று பெருமை வேறு. அறிஞர் சபையில் நல்லதொன்றைச் சாப்பிட்டதும் வீட்டு ஞாபகம் வந்ததே, அதற்காகவே ஈவ்லினை எனக்குப் பிடிக்கும்.

இனி நம் குக்கருக்கு வருவோம். அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணுகிற மாதிரி எலும்புக்கு விசில் எண்ணக் கூடாது. ஒவ்வொரு விசிலிலும் அழுத்தம் சட்டென இறங்கி உள்ளே கொந்தளிக்கும். கொழுப்பு சிதறிச் சாறு கலங்கும். எலும்பைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, கொதி வரும்போது திரளும் நுரையை எடுத்துவிட்டு மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்தால் முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் வேகும். பிராய்லருக்கு அது போதும். முற்றிய நாட்டுக்கோழி, இங்கே 'காவ்ரான்', இன்னும் நேரம் கேட்கும், கொடுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொட வேண்டாம். மிளகும் சீரகமும் தட்டிப்போடுவதெல்லாம் வடிகட்டிய பிறகு.