கவுச்சியின் வேர்

மீன் ஆய்ந்த கையில் புளியையோ எலுமிச்சையையோ தேய்த்தால் கவுச்சி போய்விடும் என்பது சமையலறைக்குப் பழைய சேதி. அந்த வாடையின் பெயர் டிரைமெத்திலமின். உயிருள்ள கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்று வாசமே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்க, கவுச்சி எழும்புகிறது. புளிப்பு பட்டால் அடங்குகிறது. மீனுக்கு அந்தப் பொருள் எதற்கு என்று தேடப்போய்த்தான் மரியானா நத்தைமீனிடம் போய்ச் சேர்ந்தேன்.

மேற்குப் பசிபிக்கில், குவாம் தீவை ஒட்டிய மரியானா அகழியில், சுமார் 7,000 முதல் 8,000 மீட்டர் ஆழத்தில் அது வாழ்கிறது. 2014-இல் பொறி இறக்கிப் பிடித்தார்கள். 2017-இல் புதிய இனமாக அறிவித்தார்கள். அவ்வளவு ஆழம் என்றதும் பல்லும் முள்ளுமாய் ஒரு கோர உருவத்தைத்தான் மனம் வரைகிறது. இதுவோ ஒரு சாண் நீளம். தலைப்பிரட்டையைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும். செதில் கிடையாது. வெளிறிய ரோஜா நிறத் தோலினூடே ஈரல் தெரிகிறது. தோலுக்கடியில் கூழாய் ஒரு படலம். மண்டையோடுகூட முழுசாக மூடியிருப்பதில்லை. நசுங்குவதற்குக் காற்றுப்பையும் இல்லை. அகழிக்குள் மொய்க்கும் இறால் போன்ற சிற்றுயிர்களை உறிஞ்சித் தின்று, போட்டிக்குப் பெரிய மீன் எதுவும் வராத இடத்தில் சுகமாக இருக்கிறது.

மேலே நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல் அங்கே 800 மடங்கு அழுத்தம். அது உடலின் புரதங்களையே உருக்குலைக்கும், நொதிகள் ஓய்ந்துபோகும். அவற்றைத் தாங்கிப் பிடிப்பது, நம் கையில் கவுச்சியாக மாறுகிற அதே பொருள். ஆழம் கூடக்கூட மீன்களின் தசையில் அதன் அளவும் கூடிக்கொண்டே போகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. எலும்புள்ள கடல்மீன்களின் உடல்நீர் பொதுவாகக் கடல்நீரைவிடச் செறிவு குறைந்தது. இந்தப் பொருள் சேரச்சேர, ஏறக்குறைய 8,200 மீட்டரில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கும் கீழே போனால் கடல்நீர் உடலுக்குள் ஊறத் தொடங்கும். 2014-இல் பால் யான்சியும் உடன் ஆய்ந்தவர்களும் போட்ட கணக்கு இது. தசையில் ஒரு துணுக்கை ஆராய்ந்து, மீன் இவ்வளவுதான் இறங்கும் என்று கடலுக்குள் கோடு கிழித்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1960-இல் டிரியெஸ்ட் கலத்தில் சுமார் 10,900 மீட்டர் இறங்கிய ஜாக் பிக்கார், அங்கே ஒரு தட்டைமீனைக் கண்டதாகச் சொன்னார். இந்தக் கணக்குப்படி அது மீனாக இருக்க வழியில்லை.

ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் நீரின் குளிர் கொஞ்சம் குறைவு; அதனால் அங்கே மீன் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியும் இறங்க முடிகிறது. 2022-இல் அங்கே 8,336 மீட்டரில் ஒரு நத்தைமீன் கேமராவில் பதிவானது. அதுவும் தனியாக நீந்திய ஓர் இளமீன். இந்த வகையில் குஞ்சுகள்தாம் எல்லையின் அடிவிளிம்பில் வளர்கின்றன.