அரைத் தலைக்கட்டு

கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. முதலாண்டு மாணவிகளுக்கு வருடந்தோறும் இதை நடத்துகிறேன். அதனாலேயே 'நமக்கு நாமே' என்ற திட்டத்தின் பெயர் எனக்குப் பிடிக்கும். 1997-98இல் தொடங்கி, இடையில் நின்று, 2021-22இல் திரும்பி வந்த அரசுத் திட்டம். பெரும்பாலான வேலைகளுக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும்.

உடுமலையில் எங்கள் தெருவிலும் இந்தப் பேச்சு வந்தது. ஒரு வீட்டு வாசலில் கூட்டம். தெருமுனையில் வளைவா, கேமராவா என்று ஆண்கள் வாதாடினார்கள். காபித் தம்ளர்களை நீட்டியது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

எதிர்வீட்டு ஆத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரை நோய், முழங்கால் வலி. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டுக்கு முன்பு 1,000. டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் எங்கள் நிறுத்தத்தில் உட்கார ஒரு கல்கூடக் கிடையாது. பக்கத்தில் கழிப்பறையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஆத்தா விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. முன்பெல்லாம் போகிற வழியில் நாலு திண்ணையாவது இருந்தது. இடித்து கேட் போட்டுக்கொண்டோம்.

முதியோருக்கு உகந்த நகரம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இருக்கையும் பொதுக் கழிப்பறையும் அதில் உண்டு. ஆத்தா அன்று கேட்டதும் அதில் பாதிதான்.

"பஸ்சுக்குக் காசு வேண்டாங்கறாங்க, செரி. பஸ் வர்ற வரைக்கும் நிக்கோணுமில்ல? அங்கொரு திட்டு கட்டுங்க சாமி."

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க ஆத்தா. உங்ககிட்ட நாங்க வசூல் கேக்கப்போறதில்லீங்க" என்றார் ஒருவர். அன்பாகத்தான் சொன்னார். அந்த 'நாங்க' என் காதில் விழுந்தது.

கோயில் வரிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். சில ஊர்களில் கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, சில ஊர்களில் வரியே கிடையாது. சலுகை என்பார்கள். வரி கொடுக்காத வீட்டுக்குக் கூட்டத்தில் வாயும் இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற விதி ஆண், பெண் பார்ப்பதில்லை, பணத்தைத்தான் பார்க்கிறது. தெருவில் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தேவைதான் மனுவாகும்.

கணக்கைப் போட்டுச் சொன்னேன். கூரையோடு ஒரு திட்டுக்கு அறுபதாயிரம் ஆகுமென்று வைத்தால் நம் பங்கு இருபதாயிரம். நாற்பது வீடு, வீட்டுக்கு ஐந்நூறு.

ஆத்தா சுருக்குப் பையைப் பிரித்து ஐந்நூறு ரூபாயை எடுத்துப் பாயில் வைத்தார். "முழு வரி புடிச்சுக்குங்க. அப்பறம் பேசலாம்."

எனக்கு அது சந்தோஷமாக இல்லை. மருந்துக் காசு அது. உட்கார ஓர் இடம் கேட்க ஒரு கிழவி கட்டணம் கட்டவேண்டியிருப்பதை 'மக்கள் பங்களிப்பு' என்று எப்படிச் சொல்வது? ஆனால் திருப்பிக் கொடுக்க நான் யார். ரசீதில் மகன் பெயரை எழுதப்போனவரை நிறுத்தி, தன் பெயரைச் சொன்னார்.

வளைவு இன்னும் பேச்சில் இருக்கிறது. மனுவில் திட்டும் ஏறியிருக்கிறது. இப்போதைய சண்டை அதை எந்தப் பக்கம் கட்டுவது என்பது. கடைக்காரர்கள் கிழக்கே என்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வேப்ப மர நிழல் எங்கே விழுமென்று ஆத்தா குச்சியால் கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார்.