ஒரு கார்பன்தானேன்னு நினைச்சேன்

ஜீரோத் ரிவ்யூவில் நான் போட்ட ஒரு ஸ்லைடை இன்னும் டெலீட் பண்ணல. இடது பக்கம் 6, வலது பக்கம் 8, ரெண்டையும் சேர்க்க ஒரு நேர்கோடு. 7-க்கான வெப்பநிலை இந்தக் கோட்டின் மேலதான் இருக்கும்னு சிவப்புல ஒரு புள்ளி வேற. நாலு வருஷமா இன்டர்போலேஷன் போட்டே பழகின கை ஆச்சே! பேனலில் இருந்த ஒரு சார், "ஏம்மா, 7 எப்பவும் 6-க்கும் 8-க்கும் நடுவுலதான் இருக்குமா?"ன்னு கேட்டார். "ஆமா சார்"ன்னு தைரியமா சொன்னேன். எங்க கைடு மேம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நான் இசிஇ. ப்ராஜெக்ட் மட்டும் இயற்பியல் துறை மேம்கிட்ட. எல்சிடின்னா டிஸ்ப்ளே, டிஸ்ப்ளேன்னா நம்ம ஏரியான்னு நம்பிப் போய் மாட்டினேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் என்பதால் 'மூலக்கூறு'ங்கிற வார்த்தையையே ரூம்மேட்கிட்ட கேட்டுத்தான் இங்க எழுதுறேன். தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க.

விஷயம் இதுதான். திரவப் படிகத்தில் மூலக்கூறுகள் திரவம் மாதிரி ஓடும், ஆனா எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இந்த நிலைக்குப் பேர் நெமாட்டிக். இன்னும் சூடாக்கினா அந்த ஒழுங்கும் போய் சாதாரணத் திரவமாகிடும். 1973-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜார்ஜ் கிரே குழு அறிவிச்ச 5சிபி மூலக்கூறு அறை வெப்பநிலையிலேயே நெமாட்டிக்கா இருந்துச்சு. கால்குலேட்டர், வாட்ச் எல்லாத்திலும் எல்சிடி வந்ததுக்கு இந்தக் குடும்பம் ஒரு முக்கியக் காரணம். அதோட அமைப்பு ரொம்ப சிம்பிள்: சைனோபைஃபினைல்னு ஒரு விறைப்பான தலை, அஞ்சு கார்பன் உள்ள ஒரு வால்.

டைமர்னா ரெண்டு தலைகளை ஒரே சங்கிலியால் இணைச்சது. நடுவுல ஏழு கார்பன் இருந்தா அது சிபி7சிபி. ஆறு இருந்தா சிபி6சிபி. ஒரே ஒரு கார்பன்தானே வித்தியாசம்? அங்கதான் நான் விழுந்தேன்.

ரிவ்யூ முடிஞ்சு மேம் ஒண்ணும் திட்டல. "ஹாஸ்டல் மாடிப்படியைப் பக்கவாட்டில இருந்து வரைஞ்சு பாரு"ன்னு மட்டும் சொன்னாங்க. வரைஞ்சேன். படியில ஒரு கோடு படுக்கை, அடுத்தது செங்குத்து, மறுபடி படுக்கை. ஒவ்வொரு மூலையும் ஒரு கார்பன். ஆறு மூலைன்னா ஏழு கோடு: படுக்கையில ஆரம்பிச்சு படுக்கையிலேயே முடியும். ரெண்டு முனையிலும் தலையை ஒட்டினா ரெண்டும் ஒரே திசையைப் பார்க்கும். ஏழு மூலைன்னா எட்டு கோடு: படுக்கையில ஆரம்பிச்சு செங்குத்துல முடியும். ஒரு தலை கிழக்கே பார்த்தா இன்னொண்ணு மேலே பார்க்கும். நிஜச் சங்கிலியில கோணம் 90 டிகிரி இல்ல, இன்னும் விரிஞ்சது. அந்தச் சூட்டில சங்கிலி அங்கங்க முறுக்கிக்கவும் செய்யும். ஆனாலும் சராசரியா எடுத்தா இரட்டைப்படை டைமர் நேராகவும், ஒற்றைப்படை டைமர் வளைஞ்சும்தான் இருக்கு.

நேரான மூலக்கூறுகள் வரிசையா நிற்க வசதி. அதனால இரட்டைப்படை டைமர்கள் அதிகச் சூடு வரைக்கும் நெமாட்டிக்கா தாக்குப்பிடிக்கும். ஒற்றைப்படைக்கு அந்த வசதி இல்ல, சீக்கிரமே கலைஞ்சிடும். 6, 7, 8, 9-னு வரைஞ்சா ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், சங்கிலி நீள நீளப் பல் மழுங்கிக்கிட்டே போகும். என் சிவப்புப் புள்ளி கிடந்தது நடுவுல, 7-ஓட உண்மையான இடம் ரெண்டு பக்கத்துக்கும் கீழே.

அடுத்த மாசம் மேம் ஒரு குட்டி வயலில் சிபி7சிபி கொடுத்தாங்க. கண்ணாடி ஸ்லைடில் துளி வச்சு, ஹாட் ஸ்டேஜில் சூடாக்கி, போலரைசிங் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில மெதுவா ஆறவிட்டோம். 116 டிகிரிக்கிட்ட இருட்டா இருந்த திரையில வண்ணம் பூத்துச்சு. நெமாட்டிக். தண்ணியில வெயில் அடிச்சா மினுக்குமே, அந்த மாதிரி மினுமினுப்பு. மூலக்கூறுகளின் திசை ஓயாம அலையறதாலதான் அது வருது. 103 வந்ததும் மினுமினுப்பு சட்டுனு நின்னுச்சு. கொஞ்ச நேரத்தில் கயிறு திரிச்சு வச்ச மாதிரி கோடுகள்.

"ஸ்லைடு அழுக்கு மச்சி"ன்னா என் ப்ராஜெக்ட் பார்ட்னர். நானும் அப்படித்தான் நினைச்சேன். அசிட்டோன் போட்டுத் துடைச்சு மூணு தடவை திரும்பச் செஞ்சோம். மூணு தடவையும் அதே கோடு. உறைஞ்சு போயிருக்கும்னு முடிவு கட்டி, 'நெமாட்டிக் மட்டும்'னு டிராஃப்டில் டைப் பண்ணிட்டேன். மறுநாள் அது தூங்க விடல. உறைஞ்சிருந்தா மேல் கண்ணாடியை அழுத்தினதும் ஏன் நகர்ந்துச்சு?

மேம்கிட்ட வீடியோவைக் காட்டினேன். அவங்க சிரிச்ச சிரிப்பை மறக்க முடியாது. அது அழுக்கும் இல்ல, உறைஞ்சதும் இல்ல. ட்விஸ்ட்-பெண்ட் நெமாட்டிக்னு தனி நிலை. வளைஞ்ச மூலக்கூறுகளுக்கு எல்லாம் சேர்ந்து வளைஞ்சு நிற்கத்தான் ஆசை. ஆனா ஒரே பக்கமா வளைச்சுக்கிட்டே போனா இடத்தைச் சீரா நிரப்ப முடியாது. அதனால வளையும்போதே கொஞ்சம் முறுக்கி, ஸ்பிரிங் மாதிரி சுருண்டுடும். இதை ராபர்ட் மேயர் 1973-லயே யோசிச்சிருக்கார், இவான் டோசோவ் 2001-இல் தனியா கணிச்சார். சிபி7சிபியில அடையாளம் கண்டது 2011. ஒரு சுற்று சுமார் 8 நானோமீட்டர்தான். ஒளியின் அலைநீளமே 400-க்கு மேல, அப்புறம் எங்க மைக்ரோஸ்கோப்பில சுருள் எப்படித் தெரியும்? 2013-இல் மாதிரியை உறைய வச்சு உடைச்சு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் நேரடியா பார்த்தாங்க. நாங்க பார்த்த கயிறு அதோட பெரிய நிழல்னு வச்சுக்கலாம்.

எனக்குப் பிடிச்ச இடம் இது: இந்த மூலக்கூறுக்கு இடம், வலம்னு எந்தப் பேதமும் கிடையாது. கண்ணாடியில பார்த்தாலும் அதேதான். ஆனா கூட்டமா சேர்ந்ததும் ஒரு பகுதி இடப்பக்கமும் இன்னொரு பகுதி வலப்பக்கமும் சுருளுது. யாரும் சொல்லிக் கொடுக்கல. சங்கிலி முனையில கார்பனுக்குப் பதிலா ஆக்சிஜன் வச்சா வளைவு கொஞ்சம் நிமிர்ந்துடும், இந்த நிலை வர்றதும் கஷ்டமாகிடும். அவ்வளவு நுணுக்கம்.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூல "இதுக்கு என்ன யூஸ்?"ன்னு கேட்டாங்க. டிஸ்ப்ளேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். வேலை கிடைக்கல, அது வேற கதை.

வியாழக்கிழமை வைவா. ரிப்போர்ட்டில் ரம்பப் பல் கிராஃபும் இருக்கு, அதுக்கு முன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வச்ச பழைய நேர்கோடும் இருக்கு. "அதை எடுத்துடு, மார்க் குறையும்"னு பார்ட்னர் நேத்து ராத்திரி வரைக்கும் சண்டை போட்டா. மேம்கிட்ட கேட்டோம். "படம் 3.1-னு நம்பர் போடல பாரு, போடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.