கொப்பியில் உம்மாவின் பக்கம்

கட்டுகஸ்தோட்டையில் வாழும் எங்களுக்குக் கடல் என்றால் அது ஒரு பயணம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது மகாவலி கங்கை. அது எங்கள் பாலத்தின் கீழால் ஓடி, மலைகளைச் சுற்றி வளைந்து இறங்கி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. நாங்கள் கடல் பார்க்கப் புறப்படுவதும் பெரும்பாலும் அதே பக்கம்தான். ஓகஸ்ட் லீவில் ஒரு வாடகை வான், இரண்டு மூன்று குடும்பங்கள், நிலாவெளியில் ஒரு வீடு. வானின் பின்பக்கத்தில் அரிசி மூட்டை, தேங்காய், கேஸ் அடுப்பு, பெரிய சட்டி, சஹன்கள். ஆண்களும் பிள்ளைகளும் கடலுக்கு இறங்குவார்கள். உம்மாமாரும் மாமிமாரும் சாச்சிமாரும் சமையலறைக்குள் இறங்குவார்கள். அஸருக்குப் பிறகு சிறிது நேரம் கரையில் நின்றுவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். இதற்கும் நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'லீவு'தான்.

இப்போது எங்கள் வீட்டில் போடப்படும் திட்டம் இதைவிடத் தூரமானது. மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள எகிப்திய நகரமான அலெக்ஸாந்திரியா. அறபியில் அல்-இஸ்கந்தரிய்யா. இதைக் கேட்ட தோழிகள் எல்லாரும் முதலில் கேட்டது, "உம்ராவோடு சேர்த்தா?" என்றுதான். இல்லை, இது வெறும் சுற்றுலா. ஐந்து பேர், ஏழு இரவுகள். டோஹாவில் வேலை செய்யும் நானா அங்கிருந்து வந்து கெய்ரோவில் எங்களோடு சேர்ந்துகொள்வார்.

மத்தியதரைக் கடலுக்கு எத்தனையோ கரைகள் இருக்கின்றன. இத்தாலியும் கிரேக்கமும் ஸ்பெயினும் நாட்காட்டிப் படங்களில் அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஷெங்கன் விசாவுக்கு ஓர் ஆளுக்கு 90 யூரோ கட்டணம். அதற்கு மேல் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், போய்த் திரும்பி வருவோம் என்பதற்கான அத்தாட்சிகள். அந்தப் பட்டியலைப் பார்த்த வாப்பா, "அழகான கடல்தான், ஆனா வாசல் ஒடுக்கம்" என்றார். தெற்குக் கரையைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம். மற்றக் காரணங்கள் கொப்பியில் இருக்கின்றன.

கொப்பி நானாவின் யோசனை. "ஆளுக்கு ஒரு பக்கம். அங்க போய் என்ன பார்க்க ஆசை என்று அவங்கவங்களே எழுத வேணும். எல்லாப் பக்கமும் நிரம்பின பிறகுதான் கணக்குப் போடுவேன்" என்று தொலைபேசியில் சட்டம் போட்டார்.

வாப்பாவின் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ஒராபி பாஷா. கண்டியில் வளர்ந்த முஸ்லிம் ஒருவருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. பிரித்தானியக் கடற்படை அலெக்ஸாந்திரியாவின் மீது குண்டு பொழிந்தது 1882 ஜூலை 11ஆம் திகதி. அதே ஆண்டு செப்டெம்பரில் தல்-அல்-கபீர் போரில் ஒராபியின் படை தோற்றது. மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1883 ஜனவரியில் அவரும் தோழர்களும் கொழும்பில் வந்து இறங்கினார்கள். 1892இல் அவர் கண்டிக்கு இடம்மாறினார். மன்னிப்புக் கிடைத்து 1901இல் எகிப்து திரும்பும்வரை அவர் இங்குதான் இருந்தார். ஹல்லொளுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரால் நினைவில்லமாக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அது அதிக தூரமில்லை. அவரோடு நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி. எகிப்தின் பிரதமராக இருந்தவர், நவீன அறபுக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர். 'வாளுக்கும் எழுதுகோலுக்கும் உரியவர்' என்று அறபிகள் அவரைச் சொல்வார்கள். தாய்நாட்டை நினைத்து அவர் எழுதிய கவிதைகள் பலவும் நம் நாட்டில் இருந்தபோது எழுதப்பட்டவை.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, ஒராபியின் ஊக்கத்தோடு 1892இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸாதான் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கண்டியில் அவர்களுக்கெனப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியவரும் அதே சித்திலெப்பைதான். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அசன்பே சரித்திர'த்தை அவர் 1885இல் வெளியிட்டார். அந்தக் கதையும் எகிப்தில்தான் தொடங்குகிறது. கண்டிக்கும் எகிப்துக்கும் இடையில் பேனா ஒன்று எப்போதோ போய் வந்துவிட்டது. நாங்கள் பின்னால் போகிறோம், அவ்வளவுதான். வாப்பா இதைத் தன் பாணியில் சொன்னார்: "அந்த மனிசன் விரும்பி இங்க வரல்ல. நாங்களாவது விரும்பி அங்க போவோம்."

தம்பியின் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு கோட்டையும் வரையப்பட்டிருந்தன. அலெக்ஸாந்திரியாவின் கலங்கரை விளக்கம் பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. இப்னு பதூதா 1326இல் அந்நகரத்துக்குப் போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மறுபடி போனபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. அந்த இரண்டு வருகைகளுக்கும் நடுவில், 1344இல், அவர் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையும் ஏறியிருக்கிறார். கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் சுல்தான் காயித்பாய் 1477இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளத்தில் ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை.

என் பக்கம் நூலகத்துக்குப் போனது. பழைய அலெக்ஸாந்திரிய நூலகம் அழிந்து நூற்றாண்டுகள் பல கடந்த பின், அதன் நினைவாகக் கட்டப்பட்ட புதிய நூலகம் 2002 ஒக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் வாசிப்பு மண்டபம் படிப்படியாக இறங்கும் 11 தளங்களைக் கொண்டது. வெளிச்சுவர் அஸ்வான் கருங்கல். அதில் ஏறத்தாழ 120 எழுத்து முறைகளின் எழுத்துக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரோரமாக மெதுவாக நடந்து நமது எழுத்தைத் தேட வேண்டும் என்று எழுதினேன்.

உம்மாவின் பக்கம் மட்டும் மூன்று வாரமாக வெள்ளையாகவே கிடந்தது. நானா கேட்டால், "நீங்க பார்க்கிறத நானும் பார்ப்பேன்தானே" என்பார். ஒரு நாள் பின்னேரம் உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கொப்பியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உம்மா, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"எனக்கு என்னத்துக்கு மகள் அதெல்லாம்? முழங்கால் வேற ஏலாது. நீங்க எல்லாரும் சந்தோசமா பார்த்தா போதும்."

"எங்கட சந்தோசத்துக்குத் தனியாப் பக்கம் இருக்கு. இது உங்கட பக்கம்."

துருவலை நிறுத்திவிட்டு உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "புர்தா பாடின இமாம்ட கபுறு அங்கதானே ஈக்கி?"

எனக்கு அது புதுச் செய்தி. தேடிப் பார்த்தால் உம்மா சொன்னது சரி. கஸீததுல் புர்தாவைப் பாடிய இமாம் பூஸீரி 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அடக்கமானது அலெக்ஸாந்திரியாவில். அவரது பள்ளிவாசலுக்கு எதிரே அவருடைய ஆசிரியர் அபுல் அப்பாஸ் அல்-முர்ஸியின் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அல்-முர்ஸி அந்தலூஸியாவின் முர்ஸியா நகரிலிருந்து வந்தவர், இமாம் ஷாதுலியின் மாணவர். உடலின் ஒரு பக்கம் வாதத்தால் செயலிழந்து கிடந்த காலத்தில்தான் பூஸீரி புர்தாவைப் பாடினார் என்றும், அதன் பிறகு சுகம் கண்டு எழுந்து நடந்தார் என்றும் சொல்வார்கள். உம்மும்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் புர்தா ஓதும் இரவுகளில் உம்மா கேட்டு வளர்ந்த கதை அது. முழங்கால் ஏலாத உம்மாவுக்கு அந்த இடத்தைப் பார்க்க ஏன் ஆசை வந்தது என்று நான் கேட்கவில்லை. எழுதினேன்.

ஒன்று சொன்னதும் மற்றவையும் வந்தன. இரண்டாவது: கடலுக்கு முன்னால் ஒரு கதிரை. யாரும் கூப்பிடாமல் ஒரு பின்னேரம் முழுக்க அதில் இருக்க வேண்டும். மூன்றாவது: ஏழு நாளும் அடுப்படிக்குப் போவதில்லை. நாலாவது: "திரும்பி வந்த அன்றைக்கும் என்ன சமைக்கச் செல்லக் கூடாது. அதையும் எழுதுங்க மகள்."

அந்தப் பக்கம் நிரம்பியதும் திட்டம் முழுவதும் மாறிப்போனது. காலம் முதலில் மாறியது. டிசம்பர் லீவில் போவதாகத்தான் இருந்தோம். ஆனால் மத்தியதரைக் கடல் மாரிகாலத்தில் சாதுவானதல்ல. அலெக்ஸாந்திரியாவின் மீனவர்கள் அந்தப் புயல்களுக்கு 'நவ்வா' என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வருவதற்கு 'மக்னஸா', அதாவது விளக்குமாறு, என்று பெயர். நமது திருகோணமலைக் கடலும் வடகீழ்ப் பருவக்காற்றில் கொந்தளிப்பதுபோலத்தான். கோடையிலோ கெய்ரோவாசிகள் எல்லாரும் அந்தக் கரைக்கு வந்துவிடுவார்கள். கதிரையில் அமைதியாக இருப்பதற்கு ஒக்டோபர்தான் தோதான மாதம்.

தங்குமிடமும் மாறியது. நூலகத்துக்குப் பக்கத்தில் என்று நான் பார்த்து வைத்திருந்ததை விட்டு, இரண்டு பள்ளிவாசல்களும் இருக்கும் அன்ஃபூஷிப் பக்கமாக, லிப்ட் உள்ள ஒரு ஹோட்டலைத் தேடுகிறோம். கெய்ரோவிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்கு 220 கிலோமீற்றர் அளவில் இருக்கும். வானில் குலுங்கிப் போகாமல் ரயிலில் போவதென்று முடிவு. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அந்த நகரங்களுக்கு இடையில் 1856இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கோட்டை மேல்தளத்துக்குத் தம்பியும் நானாவும் போவார்கள், உம்மா கீழே கடல் சுவரோரம் இருப்பார். சாப்பாட்டுக்கும் வழி கண்டாயிற்று. அங்குள்ள மீன் கடைகளில் மீனைத் தெரிந்து கொடுத்தால் அவர்களே சமைத்துத் தருவார்கள்.

பணம்தான் இன்னும் முழுதாகச் சேரவில்லை. வாப்பாவின் புடவைக் கடை வருமானமும், நானா அனுப்புவதும், உம்மா கட்டும் சீட்டும் சேர்ந்ததுதான் எங்கள் நிதி. 2022 பெப்ரவரியில் 1,000 டொலர் வாங்க ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய் போதும். மே மாதத்தில் அதே 1,000 டொலர் ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம். நாலு வருடச் சேமிப்பு நாலு மாதத்தில் பாதியளவுக்குச் சுருங்கியதை எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் பார்த்தன.

எகிப்தியர்களும் அதைப் பார்த்தவர்கள்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 16 பவுண் அளவில் இருந்தது, 2024 மார்ச்சுக்குப் பிறகு 47, 48 என்று போனது. அதனால் வெளியிலிருந்து போகிறவர்களுக்கு ஹோட்டல் மலிவு. இதைச் சொல்லி நான் சந்தோஷப்பட்டபோது வாப்பா, "நாங்க கேஸுக்கு வரிசையில நின்ற காலத்தில வெளிநாட்டுக்காரனுக்கு எங்கட நாடும் மலிவாத்தான் இருந்திருக்கும் மகள்" என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதி வைத்திருக்கிறார்: சின்னக் கடைக்காரரிடம் பேரம் பேசுவதில்லை.

சென்ற மாதம் உம்மாவுக்கு முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுத்தோம். விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிடும் பெட்டிக்குள் பெயர் அடங்க வேண்டும் என்பதற்காக உம்மா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பல தடவை எழுதிப் பழகினார். எங்கள் பாடசாலை அறிக்கைகளில் பெற்றோர் ஒப்பம் எப்போதும் வாப்பாவுடையது. உம்மாவின் ஒப்பம் இவ்வளவு அழகானது என்று அன்றுதான் கண்டோம்.

அலெக்ஸாந்திரியாவுக்கு எப்போது போவோம் என்பது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள சட்டங்களுக்கு விமானம் தேவையில்லை. அதனால் இந்த ஓகஸ்ட்டில் ஒத்திகை போல நிலாவெளிக்குப் போனபோது சட்டியையும் கேஸ் அடுப்பையும் ஏற்றவில்லை. அங்கேயே சமைத்துக் கொடுக்கும் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குச் சொன்னோம். செலவு கூடியதால் இரண்டு நாளை ஒன்றரை நாளாகக் குறைத்துக்கொண்டோம். மாமிமாரும் சாச்சிமாரும் முதல் ஒரு மணித்தியாலம் என்ன செய்வதென்று தெரியாமல் பைகளை அடுக்கினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கடலுக்கு வந்தார்கள்.

இதை வாசிக்கும் தோழிகள் அடுத்த லீவுக்கு நுவரெலியா போகலாம், அறுகம்பே போகலாம், எங்கும் போகாமல் வீட்டிலும் இருக்கலாம். எதுவானாலும் கணக்குப் போடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். வெள்ளையாகக் கிடக்கும் பக்கத்துக்கு உரியவரின் அருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

நிலாவெளியில் உம்மா கதிரையில் இருந்து, காலை அலையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அங்கயும் தண்ணி இப்படிச் சூடா ஈக்குமா?" ஒக்டோபரில் நம்முடையதைவிடக் கொஞ்சம் குளிராக இருக்கும் என்று நானா பதில் அனுப்பினார். மறுநாள் கொப்பியைத் திறந்தபோது உம்மாவின் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. அது என் எழுத்தல்ல, உம்மாவே எழுதியது: 'தடிப்பான சால்வை ஒன்று.'