உள்ளே பழுக்கிற கனி

நல்ல கிறிஸ்தவப் பெண் என்றால் எப்படி இருப்பாள்? எங்கள் ராயகிரிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் உடனே ஒரு பட்டியல் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் எழுந்து ஜெபம் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்குமுன் கோயிலில் இருப்பாள். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அள்ளிக் காணிக்கைப் பானையில் போடுவாள். அசனப் பண்டிகை என்றால் முதல் ஆளாய் வெங்காயம் உரிக்க வந்து உட்காருவாள்.

எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். நானும் செய்கிறேன். ஆனால் இவையெல்லாம் கண்ணால் பார்த்து எண்ணிவிடக் கூடியவை. எண்ண முடியாத ஒன்று உள்ளே இருக்கிறதே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு விசுவாசியிடம் இருக்க வேண்டிய ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பில் தொடங்கித் தன்னடக்கத்தில் முடிகிற வரிசை அது. ஒன்பதையும் சேர்த்து அவர் 'கனி' என்று ஒருமையில்தான் சொல்கிறார். கனிகள் என்று சொல்லவில்லை. அன்பு மட்டும் எனக்கு உண்டு, பொறுமை உனக்கு இருக்கட்டும் என்று பங்கு பிரிக்க முடியாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எலுமிச்சையை யாரும் மரத்தில் கொண்டுபோய்க் கட்டுவதில்லை. கன்று வைத்து, தண்ணீர் விட்டு, சில வருஷம் காத்திருந்தால்தான் காய்ப்பு. நகையைப் போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். கனி அப்படி வராது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்குச் சாட்சியாக ஒரு வாழ்க்கை இருக்கிறது. களக்காட்டுக்கு அருகே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்தது நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர், 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் கண்ணை மூடும் வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அவருடைய இளம் வயதில் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பத்தோடு திரும்பும்போது, கந்தல் உடுத்திய ஒரு கிழவி பெரிய மூட்டையைச் சுமக்க முடியாமல் போவதைப் பார்த்தார்கள். ஏமியும் தம்பிமாரும் கைகொடுத்தார்கள். எதிரே நல்ல துணி உடுத்திய கோயில் ஜனங்கள் வருகிறார்கள். வெட்கத்தில் முகமெல்லாம் சிவந்து போயிற்றாம். ஆனாலும் மூட்டையை விடவில்லை. அந்த வழியில்தான், மனிதர் மெச்சுவதற்காகச் செய்வது எது, நிலைத்து நிற்பது எது என்று மனதுக்குள் தெளிவு வந்ததாகச் சொல்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது அந்த வெட்கம்தான். நல்ல குணமுள்ளவர்களுக்கு வெட்கமே வராது, கோபமே வராது என்று நாம் நினைக்கிறோம். வரும். வந்த பிறகும் மூட்டையை விடாமல் நடப்பதுதான் குணம்.

1901-ல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் ஆனாள். அதிலிருந்து தொடங்கியதுதான் டோனாவூர்க் குழந்தைகள் இல்லம். ஊரூராய்ப் போய்ப் பிரசங்கம் செய்தவர், பால் புட்டி கழுவவும் பிள்ளைகளுக்கு நகம் வெட்டவும் உட்கார்ந்தார். அவருக்கு வலது கையாக இருந்தவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. கைக்குழந்தைகளைக் கழுவித் துடைத்து இரவெல்லாம் கண்விழிக்கிற வேலைக்கு அந்நாளில் ஆள் கிடைப்பது கஷ்டம். பொன்னம்மாள் அதை மனமுவந்து செய்தார். 1915-ல் அவர் இறந்தபின், ஏமி அம்மையார் அவர் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

1931 அக்டோபரில் ஒரு சாயங்காலம், களக்காட்டில் மருத்துவ வேலைக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், புதிதாக வெட்டியிருந்த குழியில் அம்மையார் விழுந்துவிட்டார். கால் முறிந்தது. அதன்பின் கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள், படுக்கையோடுதான். அங்கிருந்தபடியே நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார். அவை 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற பெயரில் 1933-ல் புத்தகமாக வந்தன. படுத்திருப்பவர் படுத்திருப்பவர்களுக்கு எழுதியது என்பதுதான் அதன் விசேஷம். தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள்.

இந்த வரலாற்றை முன்பு ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. காரணம், எங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கிறது.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எண்பத்திரண்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் படுக்கைதான். சங்கரன்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாலும், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் என் மனசு ஓடும்.

அத்தை நல்ல திடமான மனுஷி. வயல் வேலைக்கு ஆள் விட்டு அதிகாரம் பண்ணியவர். இன்று ஒரு தம்ளர் தண்ணீருக்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் கோபம் கோபமாய் வரும். "எம்மா, எத்தனை நேரம் கூப்பிடுதேன், காது அடைச்சுப் போச்சா?" என்பார். அடுப்பில் குழம்பு கொதிக்கும், சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று நிற்பான். எனக்கும் உள்ளே சுறுசுறுவென்று ஏறும். அந்த நேரம் வாசற்படியில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இந்தா வந்துட்டேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போவேன். என் ஜெபத்தில் பாதி அந்த வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது.

படுக்கை நோயாளியை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்தால் குதிகால் படுக்கையில் அழுந்தாது. முதுகும் இடுப்பும் ஈரமில்லாமல் இருக்கட்டும். துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள். தோல் சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. அந்தப் பக்கம் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் போன்ற ரப்பர் திண்டு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது சுற்றியுள்ள சதையை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வேண்டாம். முட்டை, பருப்பு, பயறு என்று ஏதாவது சத்து தினமும் உள்ளே போகட்டும். தோல் கிழிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ வீட்டு வைத்தியம் பண்ணிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் ஏன் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன் என்றால், தயவு என்ற குணம் எங்கள் வீட்டில் இந்த உருவத்தில்தான் இருக்கிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரு உடம்பைத் திருப்பிப் படுக்க வைப்பதுதான் அது.

எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா செவ்வாய்தோறும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்து, "நீ கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கோ, நான் பெரியம்மாகிட்ட இருக்கேன்" என்பார். என் வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டேன். ராத்திரி ஒரு முறை அவர் எழுந்திருக்கிறார். நல்ல குணம் எங்கள் சபைக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல, பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததும் அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொறுமை என்ற வார்த்தையைப் பல வீடுகளில் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு இளம் பெண்ணைக் கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுதவளிடம் பெரியவர்கள் சொன்னது, "கிறிஸ்தவப் பிள்ளை பொறுத்துத்தான் போகணும்மா, ஜெபம் பண்ணு." அவள் என்னிடம் வந்து, "அக்கா, நான் போலீசுக்குப் போனா அது பாவமா?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. என்ன குற்றத்துக்காக அடித்தாய் என்று நியாயம் கேட்டார். யோவான் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பொறுமையைப் பற்றி எழுதிய அதே பவுல், தன்னைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, நான் ரோமக் குடிமகன் என்று சொல்லிச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டார். டோனாவூர் அம்மையாரும் தன் வலியை இருபது வருஷம் பொறுத்தாரே தவிர, பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையைப் பொறுக்கவில்லை. அதே கொடுமையை எதிர்த்துச் சட்டசபையிலும் வெளியிலும் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. அன்று எல்லோரும் பொறுத்துப் போயிருந்தால் அந்தச் சட்டம் ஏது?

அத்தையின் நோய் யாருடைய குற்றமும் இல்லை. அதைச் சுமப்பது பொறுமை. ஒருவன் ஓங்குகிற கை அவனுடைய குற்றம். அதற்கு அடங்கிக் கிடந்தால் அவனுடைய பாவம்தான் வளரும், பார்த்து வளர்கிற பிள்ளையும் கெடும். "பாவம் இல்லைம்மா, போ. நான் கூட வாரேன்" என்றேன். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணில் கூப்பிடலாம். அவள் இப்போது குழந்தையோடு தாய் வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். அவன் மேல் பகை வைக்காமல் இருக்க ஜெபம் பண்ணுகிறேன் என்று போன வாரம் சொன்னாள். அவளிடமும் கனி பழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இளம் தாய்மாரே, பிள்ளைகள் நம் ஜெபத்தைக் காதால் கேட்பதைவிட, நாம் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுகிற விதத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் அதிகம். நேற்றுச் சின்னவன், நான் சொல்லாமலே, பாட்டி காலுக்குக் கீழே தலையணையைச் சரி பண்ணி வைத்தான். "ஒங்கம்மா மாதிரியே செய்யுதியே" என்று அத்தை சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாயிற்று.