நிறம் சொல்லும் உண்மை

விண்வெளிப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘படைப்பின் தூண்கள்’. ஹப்பிள் தொலைநோக்கி 1995ஆம் ஆண்டு எடுத்த படம் அது. ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில், கழுகு நெபுலாவில், வாயுவும் தூசியும் தூண்களாக எழுந்து நிற்கும். ஹப்பிளின் படக்கருவி பதிவு செய்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே என்று ஒருநாள் என் மகளிடம் கூறினேன்.

“அப்படியென்றால் இது பொய்ப்படமா, அம்மா?” என்று கேட்டாள்.

போலிப் படங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அது நியாயமான கேள்வி. அவளுடைய கைப்பேசியைக் காட்டியே விளக்கத் தொடங்கினேன். அதிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. அதனால், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். விடுபட்ட மற்ற இரு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு மென்பொருள் கணித்து நிரப்பும். நம் பிறந்தநாள் படங்களும் இப்படித்தான் வண்ணம் பெறுகின்றன.

ஹப்பிள், கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வெளியிடும் ஒளியை மூன்று வடிகட்டிகளின்வழி தனித்தனியே பதிவு செய்தது. அறிவியலாளர்கள் அவற்றுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் என நிறம் கொடுத்து ஒன்றாக இணைத்தனர். உண்மையில் அங்குள்ள கந்தகத்தின் ஒளியும் ஹைட்ரஜனின் ஒளியும் சிவப்புதான். அப்படியே காட்டியிருந்தால் இரண்டையும் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது.

“அப்படியானால், யாரும் எந்த நிறத்தையும் பூசலாமா?” என்று மகள் விடவில்லை.

நிலப்படத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் மலை பழுப்பாகவும் சமவெளி பச்சையாகவும் இருக்கும். அதை யாரும் பொய் என்பதில்லை. நிறத்தின் பொருளை விளக்கும் குறிப்பு ஓரத்தில் இருக்கிறது. விண்வெளிப் படத்துக்கும் அதே நேர்மை வேண்டும். நிறத்தை மனிதர் தேர்ந்தெடுக்கலாம்; ஒளி இல்லாத இடத்தில் ஒளியைச் சேர்க்கக்கூடாது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

மாணவர்களே, வியப்பூட்டும் படத்தைக் கண்டால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். பொய்யென்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அது எப்படி உருவானது என்று கேளுங்கள். அக்கேள்விக்கு வெளிப்படையாக விடை தரும் படமே நம் நம்பிக்கைக்கு உரியது.