டவர் இல்லாத ஊரிலிருந்து...

"கொல்லிமலையா! கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்!" என்பார்கள், நாமக்கல்லில் கல்யாணம் காட்சிகளில் பார்க்கிற சிநேகிதிகள். வாஸ்தவம்தான். நல்ல காற்று, நல்ல தண்ணீர், வாசலிலேயே மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து, ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டுச் சாயங்காலமே இறங்கிப் போகிறவர்களுக்கு இது சொர்க்கமேதான். இங்கேயே குடித்தனம் பண்ணுகிறவளைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் சரிங்க, டவர் கிடைக்குமா?" என்பாள்.

செம்மேடு கடைவீதியில் போன் நன்றாகவே பேசும். எங்கள் ஊரோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை உண்டு. அங்கே ஏறினால் ஒன்றிரண்டு கோடு தெரியும். அதற்கு 'டவர் பாறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள் பிள்ளைகள்!

பகலில் இதெல்லாம் வேடிக்கை. ராத்திரியில் அப்படி இல்லை. ஒரு ஐப்பசி அடைமழையில் பக்கத்து வீட்டு மருமகளுக்குத் திடீரென்று வலி எடுத்துவிட்டது. தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கரண்டும் இல்லை. அவள் கொழுந்தன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறினான். "108 கிளம்பிட்டாங்க!" என்று அவன் மேலேயிருந்து குரல் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த 108 வண்டி எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வண்டியைக் கூப்பிட முதலில் போன் போக வேண்டுமே! நல்ல வேளையாகத் தாயும் குழந்தையும் சுகம்.

மறுநாள் அந்த வீட்டுப் பாட்டி, "எங்க காலத்துல போனா இருந்துச்சு? நாங்க பெத்துக்கலையா?" என்றார். சற்று நேரம் முறத்திலிருந்த சாமையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ரெண்டு தங்கலை" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அன்றிலிருந்து இந்த டவர் விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. 2025 மார்ச்சில் நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஒரு சேதி சொன்னாள். தோழிகளோடு தென் தீவில் ஹாஸ்ட் கணவாய் வழியாகப் போகும்போது டயர் பஞ்சராகிவிட்டதாம். சுற்றிலும் காடு. டவரே கிடையாது. ஆனாலும் ஊரிலிருந்த மாப்பிள்ளைக்கு மெஸேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது. "வானத்துல போற சாட்டிலைட் வழியா போச்சும்மா. சாதாரண செல்போன்தான்!" என்றாள். அந்த நாட்டில் 2024 டிசம்பரில் ஆரம்பித்த சேவை அது.

அது எப்படி? டவர் என்பது தரையில் ஊன்றிய கம்பம். அதே வேலையைச் செய்யும் கருவியைச் செயற்கைக் கோளில் வைத்து, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிடுகிறார்கள். ஒரு கோள் தலைக்கு மேலே சில நிமிஷங்கள்தான் நிற்கும். அது அந்தப் பக்கம் இறங்கியதும் அடுத்தது வர வேண்டும். அதனால் மெஸேஜ் போகச் சில சமயம் காத்திருக்க நேரிடும். நம் போனின் சக்தியோ கொஞ்சம். அத்தனை தூரத்துக்கு நாலு வரி எழுத்தை அனுப்புவதுதான் அதற்குச் சுலபம்.

இதற்கு முன்பே, 2022 நவம்பரில், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோனில் ஆபத்துக் கால வசதி ஒன்று வந்தது. எந்தத் திசையில் போனைத் திருப்ப வேண்டும் என்று அதுவே காட்டிக் கொடுக்கும். திறந்த வெளியில் 15 விநாடியில் போகிற சேதி, மரத்தடியில் நின்றால் ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுக்குமாம். எங்கள் மிளகுத் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டேன்!

"டவர் இல்லாத இடத்துக்குன்னே சாட்டிலைட் மெஸேஜ் கருவி தனியா விக்கறாங்க. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரேம்மா" என்றாள் மகள். மாப்பிள்ளை குறுக்கிட்டு, "வேண்டாங்க அத்தை, ஏர்போர்ட்டுலயே பிடிச்சுக்குவாங்க" என்றார். விசாரித்தால் அவர் சொன்னது சரி. தொலைத் தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அப்படிப்பட்ட கருவியோ நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாது. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் சாட்டிலைட் போன் உபயோகித்தார்கள் என்பது நினைவிருக்கும். 2024 டிசம்பரில் ஒரு கனடா நாட்டுப் பெண் இந்த மாதிரிக் கருவியோடு கோவா விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார்கள் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் கையில் செல்போன் இருந்தும், எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் கண்ணீரோடு காத்திருந்த பெண்களின் முகங்களை மறக்க முடியுமா? அதன் பிறகு 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. சாட்டிலைட்டிலிருந்து புயல் சேதியை வாங்கி மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். ஆனால் அதில் பதில் பேச முடியாது. ஆபத்தில் மீனவர் அபயக் குரல் கொடுக்க இஸ்ரோவின் வேறொரு கருவி 2010 முதல் உண்டு. 2024 ஜனவரியில் சொன்ன அதன் புதிய மாடலில் "உங்கள் குரல் கேட்டது" என்று படகுக்குப் பதிலும் வருகிறது. தவிக்கிற மனசுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு!

2024-ல் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் வயாசாட் என்ற அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து, 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோள் வழியாகப் போனுக்கு மெஸேஜ் அனுப்பிக் காட்டினார்கள். 2025 டிசம்பரில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே, சாதாரண செல்போனோடு பேசக்கூடிய 'ப்ளூபேர்ட்' என்ற அமெரிக்கக் கோளை இஸ்ரோ ஏவியது. கொல்லிமலைக்கு அது எப்போது எட்டும்? எட்டும் வரை நாம் சும்மா இருக்க முடியாதல்லவா? எங்கள் ஊரில் நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கும் மலைக்குச் சுற்றுலா வருபவர்களுக்கும் உபயோகப்படும்.

பேச முடியாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். போய்விடும். அரைக் கோடு சிக்னலே அதற்குப் போதும்.

போனில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். 112-ஐ முயன்று பாருங்கள்.

மெஸேஜில் முதலில் இடம், பிறகு என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று எழுதுங்கள். "சீக்கிரம் வா" என்று மட்டும் அனுப்பினால் எங்கே வருவது?

மலை ஏறும் முன், "இத்தனை மணிக்குள் பேசாவிட்டால் தேடுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, நிறைமாதப் பெண்ணை வலி வரும் வரை டவர் இல்லாத ஊரில் வைத்திருக்காதீர்கள். கிராம சுகாதார நர்ஸிடம் முன்கூட்டியே கலந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். மலைப் பகுதிகளில் இதற்கென்றே காத்திருப்பு அறை உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மருமகள் இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். எட்டாம் மாதமே செம்மேட்டில் சித்தி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தாயிற்று. முதலில் சரியென்று சொன்னவர் அந்தப் பாட்டிதான்.